ஓய்வுக்காலத்துக்கு வட இங்கிலாந்துக்கு வருகிறீர்களா? வீட்டைப் பார்க்க முதல் ஊரைப் பாருங்கள்

லண்டனில் முப்பது, நாற்பது வருடம் உழைத்த நம்மவர்கள் பலர் இப்போது ஓய்வூதிய வயதுக்கு வந்துவிட்டார்கள். பிள்ளைகள் தனிக்குடித்தனம் போய்விட்டார்கள். ஹரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ நான்கு அறை வீட்டில் இரண்டே பேர். அதை விற்றுவிட்டு வடக்கே ஒரு சின்ன வீட்டை வாங்கினால் கையில் நல்ல தொகை மிஞ்சும் என்ற கணக்கு எல்லோருக்கும் தெரியும். லண்டனின் சராசரி வீட்டு விலை வடகிழக்கின் சராசரியைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கணக்கில் பிழையில்லை. எந்த ஊருக்குப் போவது என்பதை மட்டும் அந்தக் கணக்கிடம் விட்டுவிடாதீர்கள்.

வடக்கில் வாழ்பவன் என்ற முறையில் நான் கேட்டுக்கொள்வது இதுதான். கார் ஓட்ட முடியாமல் போகும் நாளையும், இருவரில் ஒருவர் மட்டும் மிஞ்சும் நாளையும் மனதில் வைத்து ஊரைத் தெரிவு செய்யுங்கள். 70 வயதில் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும், அதன்பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. நம் வீடுகளில் பெரும்பாலும் ஐயாதான் கார் ஓட்டுவார், அம்மா ஸ்டியரிங்கைத் தொட்டே இருக்கமாட்டார். ஐயாவுக்குக் கண் மங்கினால் இருவருமே வீட்டுக்குள் அடைபட வேண்டியதுதான். ஷெஃபீல்டில் மேட்டு வீடு ஒன்றில் கணவரை இழந்து தனியே இருந்த ஓர் அக்காவை எனக்குத் தெரியும். ஜனவரியில் நடைபாதை உறைந்துவிட்டால், பக்கத்து வீடுகளின் மதிலை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் கால்வைத்து இறங்குவார். பால் வாங்க அவ்வளவு பாடு. ஷெஃபீல்ட் நல்ல நகரம், டிராம் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. ஆனால் முழுக்க முழுக்க மேடும் பள்ளமும். அங்கே வாங்குவதென்றால் எந்தத் தெரு என்பதுதான் முக்கியம்.

லண்டனை விட்டு வெளியேறினால், அங்கே முதியோருக்குத் தரும் இலவசப் பயண அட்டையான ஃப்ரீடம் பாஸ் போய்விடும். இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் இலவச பஸ் பாஸ் அரச ஓய்வூதிய வயதில்தான் கிடைக்கும். அந்த வயது இப்போது 66இலிருந்து 67க்கு ஏறிக்கொண்டிருக்கிறது. வார நாட்களில் காலை 9.30க்குப் பிறகே அது செல்லும் என்பதுதான் பொது விதி, ரயிலுக்குச் செல்லாது. ஆனால் இடத்துக்கு இடம் சலுகை மாறும். லிவர்பூலும் அதன் சுற்றுப்புறமும் சேர்ந்த மெர்சிசைடில் வசிப்பவர்களுக்கு 60 வயதிலேயே பஸ், உள்ளூர் ரயில், ஃபெரி எல்லாவற்றுக்கும் பாஸ் உண்டு. மான்செஸ்டர் பக்கம் வருடத்துக்கு ஒரு சிறு கட்டணம் கட்டினால் டிராமிலும் உள்ளூர் ரயிலிலும் போகலாம். லீட்ஸ் அவ்வளவு பெரிய நகரமாக இருந்தும் அங்கே டிராம் கிடையாது, பஸ்ஸை நம்பித்தான் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் நான் முதலில் சொல்லும் ஊர் சவுத்போர்ட். கடற்கரை ஊர், தரை மட்டமானது, பங்களா என்று இங்கே சொல்லும் மாடியில்லாத வீடுகள் நிறைய உண்டு. ஸ்டேஷன் ஊரின் நடுவே இருக்கிறது. லிவர்பூலுக்கு நேரடி ரயில், மான்செஸ்டருக்கும் நேரடி ரயில். மேலே சொன்ன 60 வயதுப் பாஸ் இந்த ஊருக்கும் உண்டு. வடகிழக்கில் விட்லி பே, டைன்மத் இரண்டும் இதே மாதிரிக் கடற்கரை ஊர்கள். மெட்ரோவில் ஏறினால் நியூகாசில் நகரம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து ஸ்டேஷன், விமான நிலையம் எல்லாமே அந்த ஒரே மெட்ரோவில். நியூகாசிலிலிருந்து துபாய்க்கு நேரடி விமானம் இருப்பதால் கொழும்புக்கோ சென்னைக்கோ ஒரே ஒரு மாறுதலோடு போய்விடலாம். மான்செஸ்டரில் இன்னும் கூடுதல் வசதி. யோர்க்கும் ஹரோகேட்டும் அழகான ஊர்கள்தான், ஆனால் விலை அதிகம், மிச்சம் பிடிக்க வந்த காசு வீட்டிலேயே போய்விடும்.

விட்பி மாதிரியான ஊர்களைக் கோடையில் பார்த்து மயங்கி வாங்குகிறவர்கள் உண்டு. செங்குத்தான தெருக்கள், தேவாலயத்துக்கு ஏற 199 படிகள், ஒரு நாளைக்குச் சில ரயில்கள் மட்டும். அங்கே ஆஸ்பத்திரி இருக்கிறது, ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவு இல்லை. மாரடைப்பு என்றால் ஸ்கார்பரோவுக்கோ மிடில்ஸ்பரோவுக்கோ ஓட வேண்டும். லேக் மாவட்டத்து வாசலில் உள்ள கெண்டலிலும் இதே நிலைதான். ஆஸ்பத்திரி என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துத் திருப்திப்படாமல், அங்கே 24 மணி நேர அவசரப் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். அரச மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் பல் வைத்தியர் புது ஆட்களைச் சேர்க்கிறாரா என்பதையும் வீடு வாங்க முதலே விசாரியுங்கள். பல இடங்களில் சேர்ப்பதில்லை.

வீட்டைப் பார்க்கப் போகும்போது வெயில் நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நவம்பரில், மழை பெய்து ஓய்ந்த நாளில் போங்கள். வட இங்கிலாந்தின் நடுவே ஓடும் பெனைன் மலைக்கு மேற்கே மழை அதிகம், கிழக்கே குறைவு, ஆனால் வடகடல் காற்று எலும்பைத் தொடும். பழைய கல்வீடுகளில் இரட்டைச் சுவர் இருக்காது. பின்னறையில் வடக்குப் பார்த்த சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஈரக் குளிர் கையில் ஒட்டும். அலுமாரியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்கள், பின்னால் கரும்புள்ளியாகப் பூஞ்சணம் இருந்தால் புதுப் பெயின்ட் வாசனை எதற்கென்று புரிந்துவிடும். கழிவறை கீழ்த்தளத்தில் இருக்கிறதா, வாசலில் எத்தனை படி, கைப்பிடி பொருத்த இடம் இருக்கிறதா என்பதெல்லாம் இப்போது சின்ன விஷயமாகத் தெரியும். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வந்தவரைக் கேட்டுப் பாருங்கள்.

வெள்ளம் பற்றிக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். 2015 டிசம்பர் 26, பாக்ஸிங் டே அன்று கால்டர் பள்ளத்தாக்கில் ஹெப்டன் பிரிட்ஜ், மைதம்ராய்ட் ஊர்களுக்குள் ஆறு புகுந்தது, 2020 பெப்ரவரியில் மறுபடியும். யோர்க்கில் ஊஸ் நதிக்கரை அடிக்கடி மூழ்கும். அரசின் இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் அந்த முகவரியின் வெள்ள அபாயம் தெரியும். வீட்டுக் காப்புறுதி என்ன விலை வரும் என்பதையும் வாங்க முதலே கேட்டுவிடுங்கள். பார்ன்ஸ்லி, டரம், விகன் போன்ற பழைய நிலக்கரிப் பகுதிகளில் நிலத்துக்கடியில் சுரங்கம் ஓடியிருக்கும். சுரங்க அறிக்கை எடுக்கும்படி சொலிசிட்டரிடம் சொல்லுங்கள்.

வடமேற்கில் தனி வீடுகள்கூட லீஸ்ஹோல்டாக, அதாவது நிலம் வேறொருவருடையதாக, நீண்ட காலக் குத்தகையில் இருப்பதுண்டு. லண்டனில் ஃபிளாட்டுக்குத்தான் லீஸ் என்று பழகிய நமக்கு இது புதிது. 999 வருட லீஸ் என்றால் பெரிய பிரச்சினையில்லை, ஆனால் நில வாடகை எப்படி ஏறும் என்று ஒப்பந்தத்தை வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். முதியோருக்கென்றே கட்டிய ஃபிளாட்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். வருடாந்தப் பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும், சிலவற்றில் விற்கும்போதும் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டும், பிள்ளைகள் விற்க முயன்றால் வருடக்கணக்கில் விலைபோகாமல் கிடப்பதும் உண்டு.

காசு விஷயத்தில் நம்மவர்கள் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் வசிக்கும் வீடு எவ்வளவு பெறுமதியானாலும், வீட்டுக்கு ஆள் வந்து பராமரிக்கும் உதவிக்கு உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் கணக்குப் பார்க்கும்போது அதைச் சேர்ப்பதில்லை. வங்கியில் கிடக்கும் காசைச் சேர்க்கும். இங்கிலாந்தில் 23,250 பவுணுக்கு மேல் சேமிப்பு இருந்தால் அந்தச் செலவு முழுவதும் உங்களுடையது. லண்டன் வீடு காசாக மாறிய அன்றே நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறீர்கள். வருமானம் குறைந்த ஓய்வூதியர்களுக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட்டும் 10,000 பவுணுக்கு மேல் உள்ள சேமிப்பைக் கணக்கில் எடுக்கும். சரி, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தால், செலவைத் தவிர்க்கக் கொடுத்தீர்கள் என்று கவுன்சில் முடிவு செய்து அந்தக் காசு இன்னும் உங்களிடம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். அதற்காக விற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மிஞ்சும் காசில் ஒரு பகுதியைப் பராமரிப்புக்கு என்று முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். உடல் இயலாதவர்களுக்கான அட்டென்டன்ஸ் அலவன்ஸ் சேமிப்பைப் பார்க்காது, தகுதி இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். வீடு வாங்கும்போது கட்டும் முத்திரை வரி வடக்கில் பெரிய சுமையில்லை, 220,000 பவுண் வீட்டுக்கு 1,900 பவுண். ஆனால் லண்டன் வீட்டை விற்காமல் இங்கே வாங்கினால் மொத்த விலையில் 5 சதவீதம் மேலதிகமாகக் கட்ட வேண்டும். மூன்று வருடத்துக்குள் பழைய வீட்டை விற்றால் அதைத் திரும்பக் கேட்கலாம்.

அடுத்தது நம் சனம். ஈலிங்கிலும் டூட்டிங்கிலும் இருப்பது போல நடை தூரத்தில் கோயில், தெருவுக்குத் தெரு தமிழ்க் கடை என்று இங்கே எதிர்பார்க்க முடியாது. வடக்கில் உள்ள இந்துக் கோயில்கள் பல வட இந்திய முறைப்படி நடப்பவை. முருங்கைக்காய்க்கும் சம்பா அரிசிக்கும் மான்செஸ்டர், பிராட்ஃபோர்ட், லீட்ஸ் பக்கம் போக வேண்டியிருக்கும். இளையவர்களுக்கு இது சமாளிக்கக்கூடிய குறை. வயதானவர்களுக்கு அப்படியில்லை. மறதி நோய் வரும்போது பிற்காலத்தில் கற்ற மொழி முதலில் நழுவுவது அடிக்கடி நடக்கிறது. அப்போது அம்மாவோடு தமிழில் கதைக்க ஊரில் ஓர் ஆளாவது வேண்டும். அதனால் வீட்டு முகவரைப் பார்க்க முதல் அந்தப் பகுதித் தமிழர்களைத் தேடுங்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை எங்கே நடக்கிறது என்று கேட்டு ஒரு நாள் அங்கே போய் நில்லுங்கள், பெற்றோர்களோடு கதையுங்கள். இரண்டு, மூன்று குடும்பங்களின் தொலைபேசி எண் கையில் வந்தால் அந்த ஊரைப் பற்றி யோசிக்கலாம்.

முடிந்தால் ஒரு குளிர்காலம் வாடகைக்கு இருந்து பாருங்கள். டிசம்பர் கடைசியில் நியூகாசிலில் பகல் ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், பின்னேரம் 3.40க்கே சூரியன் மறைந்துவிடும். அதைத் தாங்கினீர்கள் என்றால் ஜூனில் பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் மாலைகள் உங்களுக்கு.

வந்து சேர்ந்த முதல் வாரத்திலேயே குடும்ப வைத்தியரான ஜிபியிடம் பதிந்துவிடுங்கள், லண்டன் ஜிபி தந்த மருந்துப் பட்டியலைக் கையில் வைத்திருங்கள். ஆங்கிலம் சிரமம் என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதியும்போதே எழுதச் சொல்லுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. அப்புறம் கவுன்சில் வரி, பஸ் பாஸ். ஒருவர் மட்டும் வசிக்கும் வீட்டுக்குக் கவுன்சில் வரியில் 25 சதவீதம் கழிவு உண்டு, கேட்டால்தான் தருவார்கள்.