ஆன்மிக இயக்கத்தை விட்டு வந்தபின் பழைய அனுபவத்தை எப்படிப் பார்ப்பது

கூட்டு வழிபாட்டில் மெய்சிலிர்த்துக் கண்ணீர் மல்கிய நேரத்தைப் பொய்யென்று தள்ளவும் வேண்டாம், அந்த இயக்கம் சொன்னதெல்லாம் உண்மை என்பதற்குச் சான்றாகக் கொள்ளவும் வேண்டாம். ஒரு நோட்டில், இடப்பக்கம் உடல் உணர்ந்ததை மட்டும் எழுதுங்கள்: உள்ளங்கையில் ஏறிய சூடு, தொண்டை அடைத்தது, அதற்குமுன் எத்தனை மணி நேரம் உண்ணாமல் உறங்காமல் பாடினீர்கள் என்பது. குரு அதற்குச் சூட்டிய பெயரை வலப்பக்கம் எழுதுங்கள். இரண்டையும் பிரிப்பதுதான் கடினம், மாதங்கள் ஆகலாம்.

1922இல் கலிபோர்னியாவின் ஓஹாயில் ஒரு மரத்தடியில் ஆழ்ந்த அனுபவம் பெற்ற தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி, தம்மைத் தலைவராகக் கொண்ட நட்சத்திர சங்கம் என்ற ஆன்மிக அமைப்பை 1929இல் கலைத்தார். அத்தகைய அனுபவங்களோ அதன்பின்பும் அவருக்குத் தொடர்ந்தன.

உறக்கம் கெட்டு, அச்சுறுத்தும் குரல்கள் கேட்டால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.