கம்பியில்லாக் கன்ட்ரோலர் திக்கியதற்குக் காரணம் ஹார்ட் டிஸ்க்

கல்லடி வீட்டில் பிள்ளைகள் கணினியில் கால்பந்து விளையாடும்போது கன்ட்ரோலர் அடிக்கடி திக்கும். பந்தை அடித்தால் அரை விநாடி கழித்துத்தான் ஆள் காலைத் தூக்குவான். சில நேரம் தொடர்பே அறுந்துவிடும்.

பற்றரி மாற்றினேன், டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். வைஃபை ரவுட்டரின் சேனலையும் மாற்றிப் பார்த்தேன். ஒன்றும் சரிவரவில்லை. கடையில் புதுக் கன்ட்ரோலர் வாங்கச் சொன்னார்கள். (வேறென்ன சொல்வார்கள்?)

மகள்தான் கவனித்தாள்: சின்னத் தம்பியின் கார் விளையாட்டில் இந்தத் தொல்லை இல்லை. அது கணினிக்குள்ளேயே இருக்கிறது. கால்பந்து இருப்பது வெளி ஹார்ட் டிஸ்க்கில். டிஸ்க்கைக் கழற்றினேன், மவுஸ்கூட வழுக்கிக்கொண்டு ஓடியது. மாட்டிப் பெரிய கோப்பு ஒன்றைக் காப்பி செய்தேன், உடனே திக்கல்.

வேகமான யூஎஸ்பி 3.0 (பெரும்பாலும் நீலத் துளை) வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ரேடியோ இரைச்சல் கசியும். 2012இல் இன்டெல் நிறுவனமே இதைப் பற்றி எழுதியிருக்கிறது. கம்பியில்லா மவுஸ், கன்ட்ரோலர் பலவும் அதே அலைவரிசையில்தான் பேசுகின்றன. கன்ட்ரோலரின் சிக்னலை வாங்கும் எங்கள் ரிசீவர் செருகியிருந்தது, டிஸ்க்கின் நீலத் துளைக்குப் பக்கத்துத் துளையில்!

டிஸ்க்கைக் கறுப்பு யூஎஸ்பி 2.0 துளைக்கு மாற்றினால் திக்கல் நின்றது, ஆனால் விளையாட்டு திறக்க நேரமெடுத்தது. அதனால் டிஸ்க்கை நீலத்திலேயே விட்டுவிட்டு, ரிசீவரை ஒரு மீற்றர் எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டி மேசை முன்பக்கம் கொண்டுவந்தேன். அதோடு சரி. டிஸ்க்கின் வயர் மட்டும் ரிசீவரை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மலிவான வயரிலிருந்தும் இரைச்சல் கசியும்.