பிளேஸ்டேஷன் 2-ல் படம் வரவில்லையா? முதலில் வயரைப் பாருங்கள்

பரணில் கிடந்த பிளேஸ்டேஷன் 2 கேம் பெட்டியை இறக்கித் தூசி தட்டி டிவியில் மாட்டினால், திரையில் "நோ சிக்னல்". பெட்டி போச்சு என்று நினைத்துப் பழைய சாமான் கடையில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே மனசு வலிக்கும். முன்பக்க விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறுகிறதா? மாறினால் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. டிவி பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படி 1. ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி "ஏவி" தேர்ந்தெடுங்கள்.

படி 2. மஞ்சள் வயர் படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. இப்போதைய பல டிவிகளில் மஞ்சளுக்கென்று தனித் துளை கிடையாது. காம்போனென்ட்டின் (படத்தைப் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று வயரில் பிரித்து அனுப்பும் இணைப்பு) பச்சைத் துளையிலேயே மஞ்சளையும் செருக வேண்டும். சித்தி வீட்டில் படம் கறுப்பு வெள்ளையாகவே வந்துகொண்டிருந்தது. வயர் சரியான துளையில்தான் இருந்தது. சோர்ஸ் மட்டும் "காம்போனென்ட்" என்று இருந்தது. "ஏவி"க்கு மாற்றியதும் கலர் வந்துவிட்டது. இன்னொன்று, காம்போனென்ட் உள்ள டிவியில் சிவப்புத் துளை இரண்டு இருக்கும். வெள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதுதான் சத்தத்துக்கு உரியது.

படி 3. சத்தம் வருகிறது, படம் மட்டும் இல்லையா? வால்யூமை நன்றாகக் குறைத்துவிட்டு, வெள்ளையைப் பிடுங்கி அதன் துளையில் மஞ்சளைச் செருகுங்கள். ஸ்பீக்கரில் "உர்ர்ர்" என்று இரைச்சல் கேட்டால், படத்துக்கான சிக்னல் வயரின் நுனிவரை வருகிறது என்று அர்த்தம். அப்படியானால் கோளாறு டிவியின் துளையிலோ செட்டிங்கிலோ இருக்கிறது. ஒன்றும் கேட்கவில்லை என்றால் வயர் மேல்தான் முதல் சந்தேகம். பிளக்கின் கழுத்துப் பகுதியை மெல்ல வளைத்துப் பாருங்கள்; பெரும்பாலும் அங்கேதான் உள்ளே அறுந்திருக்கும். பிளேஸ்டேஷன் 1, 3 இரண்டின் ஏவி வயரும் இதில் பொருந்தும் என்பதால், யாரிடமாவது இரவல் வாங்கிச் சோதித்துவிட்டுப் புதிது வாங்கலாம்.

வயர் மாற்றியும் சரியாகவில்லையா? பவர் வயரைக் கழற்றிவிட்டு, பெட்டியின் பின்பக்க ஏவி துளையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே ஆன் செய்யுங்கள்.

படி 4. எச்டிஎம்ஐ கன்வர்ட்டர் வழியாக மாட்டுபவர்கள் கவனிக்கவும். "ஏவி டு எச்டிஎம்ஐ", "எச்டிஎம்ஐ டு ஏவி" இரண்டும் பார்க்க ஒரே மாதிரி டப்பாதான், ஆனால் ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது. மூன்று கலர் துளைகள் இருக்கும் பக்கத்தில் "இன்புட்" என்று எழுதியிருக்க வேண்டும். யூஎஸ்பி வழியாக அதற்குக் கரண்ட் கொடுக்கவும் மறக்காதீர்கள்.

படி 5. காம்போனென்ட் வயருக்கு மாறிய பிறகு படம் பச்சையடித்து வந்தால் வயரைக் குறை சொல்லாதீர்கள். பழைய மஞ்சள் வயரையே மறுபடி மாட்டி, டிஸ்க் போடாமல் ஆன் செய்யுங்கள். "சிஸ்டம் கான்ஃபிகரேஷன்" உள்ளே "காம்போனென்ட் வீடியோ அவுட்" ஆர்ஜிபி-யில் இருக்கும். அதை ஒய்-யில் தொடங்கும் மற்றதற்கு மாற்றிவிட்டு, பிறகு காம்போனென்ட் வயரை மாட்டுங்கள்.

மெனு கலரில் வந்து, குறிப்பிட்ட ஒரு கேம் மட்டும் கறுப்பு வெள்ளையில் ஓடினால் வயரைத் தொடவே வேண்டாம். அது அமெரிக்கா, ஜப்பான் டிவி முறையான என்டிஎஸ்சி-க்கான டிஸ்க்காக இருக்கலாம். நம் ஊர்ப் பழைய டியூப் டிவிகளில் சில, இங்குள்ள டிவி முறையான பிஏஎல் கலரை மட்டும்தான் காட்டும். அதே டிஸ்க்கை வேறொரு டிவியில் போட்டுப் பாருங்கள்.