செங்கோட்டை பாசஞ்சரில் ஒரு புது ஆல்பம்: தொடங்குபவர்களுக்கு

பாளையங்கோட்டையில் காலேஜ் படிக்கும் என் மருமகன் கேட்டான்: "மாமா, எனக்கு ரீல்ஸ்ல வர்ற பதினைஞ்சு செகண்டுதான் தெரியுது. புதுசா வர்ற ஆல்பத்த முழுசா எங்க தேடிக் கேக்கது?" அவன் வயதில் எனக்குத் திருநெல்வேலி டவுனில் கேசட் கடை அண்ணாச்சி இருந்தார். என்ன வந்திருக்கிறது, எதை விடக்கூடாது என்று அவரே சொல்லிவிடுவார். இப்போது அந்த வேலையை நாமே செய்ய வேண்டும். அவனுக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மெட்டலோ ஜாஸோ ஹிப்ஹாப்போ, முறை ஒன்றுதான்.

படி 1: கிழமை

உலகம் முழுக்கப் புது ஆல்பங்கள் வெளியாகும் நாள் வெள்ளிக்கிழமை. 2015 ஜூலை 10 முதல் இந்த வழக்கம். அதற்கு முன் பிரிட்டனில் திங்கள், அமெரிக்காவில் செவ்வாய் என்று ஆளுக்கொரு நாள். பெரும்பாலான ஆல்பங்கள் நம் ஊர் நேரப்படி வியாழன் நள்ளிரவு தாண்டியதும் வந்துவிடும். சிலர் நியூயார்க் நள்ளிரவைக் கணக்கு வைப்பார்கள். அது நமக்குக் காலை ஒன்பதரை, அங்கே குளிர்காலம் என்றால் பத்தரை. கொரிய ஆல்பங்கள் பலவும் அந்த ஊர் நேரம் மாலை 6 மணிக்கு, அதாவது நமக்கு மதியம் இரண்டரைக்கு வரும். அவற்றுக்கு வெள்ளிக்கிழமைக் கட்டாயமும் இல்லை. நம் சினிமாப் பாட்டு எந்தக் கணக்கிலும் அடங்காது. ஒவ்வொரு பாட்டாக விட்டு, கடைசியில்தான் மொத்தமாகத் தருவார்கள்.

படி 2: வந்திருப்பது ஆல்பம்தானா?

ஒன்று முதல் மூன்று பாட்டு வரை இருந்தால் சிங்கிள். நான்கு முதல் ஆறு பாட்டு, அரை மணிக்குள் முடிந்தால் இ.பி. அதற்கு மேல் ஆல்பம். பாட்டுக் கேட்கும் செயலிகள் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கின்றன.

நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம்தான். விடிய விடிய வாசிக்கிற நாதஸ்வரத்தையும் அதற்குள் சுருக்கித்தான் பதிந்தார்கள். பெரிய படைப்பு என்றால் பல தட்டுகளை, போட்டோ ஆல்பம் மாதிரி உறை வைத்த புத்தகத்தில் அடுக்கி விற்றார்கள். ஆல்பம் என்ற பெயர் அங்கிருந்துதான் வந்தது. 1948இல் எல்.பி. என்ற, நீண்ட நேரம் ஓடும் தட்டு வந்ததும் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம் கிடைத்தது. இன்றைக்குத் தட்டே இல்லாதபோதும் நிறைய ஆல்பங்கள் நாற்பது நிமிடத்தை ஒட்டியே நிற்கின்றன.

இன்னொன்று. 'டீலக்ஸ்', 'ரீமாஸ்டர்', 'ஆண்டு விழாப் பதிப்பு' என்று தலைப்பில் இருந்தால் பெரும்பாலும் பழைய சரக்குதான். இது தெரியாமல் நான் ஒரு முறை முப்பது வருடத்து ஆல்பத்தைப் 'புதுசு' என்று நண்பர்கள் குழுவில் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆல்பம் பக்கத்தின் அடியில் வட்டத்துக்குள் 'பி' எழுத்து போட்டு, பதிவு வெளியான ஆண்டு இருக்கும். அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

படி 3: கடையைப் பார்த்து வாங்குங்கள்

இதைத்தான் முக்கியம் என்பேன். நம் ஊரில் அல்வா வாங்குகிறவன் முதலில் கேட்பது 'எந்தக் கடை?' என்றுதான். இசைக்கும் அப்படி ஒரு கடை உண்டு. அதன் பெயர் லேபிள், அதாவது ஆல்பத்தை வெளியிடுகிற நிறுவனம். பாடுகிறவர் யாரென்று தெரியாவிட்டாலும் லேபிளை நம்பி உள்ளே போகலாம். ஜாஸ் என்றால் 1939இல் நியூயார்க்கில் தொடங்கிய ப்ளூ நோட். அமைதியான, இடம் விட்டு வாசிக்கிற இசை வேண்டுமா, 1969இல் மியூனிக்கில் தொடங்கிய இ.சி.எம். (ஊத் என்ற அரபு நரம்புக் கருவி வாசிக்கும் துனிசியாக்காரர் அனுவர் பிராஹெமை நான் கண்டுபிடித்தது அந்த வழியில்தான்.) மேற்கத்திய செவ்வியலுக்கு மஞ்சள் பட்டை போட்ட டாய்ச்ச கிராமஃபோன். எலக்ட்ரானிக்குக்கு வார்ப், மெட்டலுக்கு நியூக்ளியர் பிளாஸ்ட். பிடித்த ஆல்பத்தின் அடியில் என்ன லேபிள் என்று பாருங்கள். அதன் பக்கத்தில் 'புது வெளியீடுகள்' திறந்தால் போதும். செயலி தானாகப் பரிந்துரைப்பதை நான் பெரிதாக நம்புவதில்லை. நேற்றுத் தின்றதையே இன்றும் இலையில் வைக்கும்.

லேபிளே இல்லாமல் சொந்தமாக வெளியிடுகிறவர்களுக்கு பேண்ட்கேம்ப் என்ற இணையதளம். அங்கே இசை வகையைச் சொல்லியும் ஊரைச் சொல்லியும் தேடலாம். பெரும்பாலும் முழு ஆல்பத்தையும் காசு கொடுக்கும் முன்பே கேட்டுப் பார்க்கலாம்.

படி 4: வாரத்துக்கு இரண்டே இரண்டு

ஒன்று உங்களுக்குப் பழகிய வகை. இன்னொன்று பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கிற வகை. அதற்கு மேல் ஆசைப்பட்டால் எதுவும் காதில் நிற்காது.

படி 5: கேட்பது

ஷஃபிளை அணையுங்கள். வரிசை போட்டவருக்குக் காரணம் இருக்கும். பாட்டுக்குப் பாட்டு கலக்கிற 'கிராஸ்ஃபேட்' இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

வீட்டிலேயே வைஃபையில் இறக்கிக்கொள்வது நல்லது. நொடிக்கு 320 கிலோபிட் தரத்தில் நாற்பது நிமிட ஆல்பம் 96 எம்.பி. பிடிக்கும். 96 கிலோபிட் என்றால் 29 எம்.பி.தான். பேருந்திலோ ரயிலிலோ கேட்க இரண்டாவதே தாராளம்.

நான் கேட்பது செங்கோட்டை பாசஞ்சரில். ஜங்ஷனில் வண்டி நகரும்போது முதல் பாட்டைப் போடுவேன். பேட்டை தாண்டி வயல் தொடங்கும்போது காது பழகியிருக்கும். சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர். வண்டி நேரத்துக்கு ஓடினால் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் ஆல்பம் முடியும். பிடிக்காவிட்டாலும் இறங்கும்வரை மாற்றுவதில்லை என்று ஒரு பிடிவாதம். முதல் இரண்டு பாட்டில் எரிச்சலூட்டிய எத்தனையோ ஆல்பம் காருகுறிச்சிக்கு அப்புறம் வழிக்கு வந்திருக்கிறது.

படி 6: குறிப்பும் பெயரும்

ஒரு நோட்டில் தேதி, ஆல்பம், லேபிள், ஒரு வரி. 'நல்லா இருக்கு' என்று மட்டும் எழுதாதீர்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் ஒன்றும் ஞாபகம் வராது. எந்த இடத்தில் காது நின்றது என்று எழுதுங்கள். அப்புறம் செயலியில் பாட்டின் பக்கத்தில் இருக்கும் மூன்று புள்ளியைத் தொட்டால் யார் எழுதியது, யார் தயாரித்தது என்று வரும். சிலவற்றில் வாசித்தவர் பெயரும் இருக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஆல்பத்துக்குப் போகலாம்.

மருமகன் முதல் வாரம் ஒரு ஜாஸ் ஆல்பம் கேட்டுவிட்டு நோட்டைக் காட்டினான். 'ஒண்ணும் புரியல. மூணாவது பாட்டுல டிரம்ஸ் நின்னு, திரும்ப வர்ற இடம்' என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே, பென்சிலில், டிரம்ஸ்காரர் பெயர்.