போர் நினைவகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் தில்லித் தமிழ்ப் பெற்றோருக்கு

இந்தியா கேட்டை அடுத்துள்ள தேசியப் போர் நினைவகத்திற்கு, ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் நாம் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு போகிறோம். முதன்முறை நானும் அப்படித்தான் போனேன். அரை மணி நேரம் சுற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். நடுவே எரிந்த சுடரைத் தவிர வேறெதுவும் என் மகளின் நினைவில் தங்கவில்லை. அது அவளுடைய குறையன்று. 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்டபோதே அங்கே 25,942 பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அத்தனை பெயர்களுக்கு நடுவில் ஒரு குழந்தை யாரென்று நினைத்துக்கொள்ளும்?

ஆகவே ஒரே ஒரு வீரரை வீட்டிலேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். யாருடைய உயிரைக் காக்க அவர் தம் உயிரைக் கொடுத்தார் என்பது தெளிவாகத் தெரிகிற வரலாறாக அது இருக்கட்டும். நான் முதலில் சொல்வது லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்காவின் கதையை. இன்றைய ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தைச் சேர்ந்த அவர், 1971 இந்திய-பாகிஸ்தான் போரின்போது, டிசம்பர் தொடக்கத்தில், இன்றைய வங்கதேசத்தில் உள்ள கங்காசாகரில் 14ஆம் கார்ட்ஸ் படைப்பிரிவோடு இரவுத் தாக்குதலுக்குச் சென்றார். பதுங்குகுழிகளை ஒவ்வொன்றாகக் கைப்பற்றி முன்னேறியபோது பலத்த காயம் பட்டும் அவர் பின்வாங்கவில்லை. கடைசியில் ஓர் உறுதியான கட்டடத்தின் மேல்தளத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கி ஒன்று சுடத் தொடங்கி, அவருடைய தோழர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தது. எக்கா தவழ்ந்து சென்று கையெறி குண்டை வீசினார். துப்பாக்கி அப்போதும் ஓயவில்லை. பின்னர் பக்கச் சுவரில் ஏறி உள்ளே நுழைந்து, கைகலந்து போரிட்டு அதை அடக்கினார். தோழர்கள் பிழைத்தார்கள், அவர் காயங்களால் இறந்தார். போர்க்கள வீரத்துக்கான நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்கரம் அவருக்கு வழங்கப்பட்டது.

இதைச் சொல்லும்போது குண்டுகளையும் கொலைகளையும் விரித்துரைக்க வேண்டாம்; பிள்ளைகளின் மனம் அந்தப் பரபரப்பிலேயே நின்றுவிடும். "அந்தத் துப்பாக்கி ஓயாமல் இருந்திருந்தால், யாரெல்லாம் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். என் மகள் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவருடைய வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று திருப்பிக் கேட்டாள். அந்தக் கேள்வி எழுந்துவிட்டால் பிள்ளை புறப்படத் தயாராகிவிட்டது என்று பொருள்.

கடற்படைக் கதையை விரும்பும் பிள்ளைக்குக் கேப்டன் மகேந்திரநாத் முல்லாவைச் சொல்லலாம். 1971 டிசம்பர் 9 அன்று தியூ அருகே குக்ரி கப்பல் நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கியபோது, தம்மால் இயன்ற அளவு மாலுமிகளை வெளியேற்றிவிட்டு அவர் கப்பலோடு தங்கிவிட்டார்.

மும்பையில் பிறந்த தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் கதைக்குக் கூடுதல் கவனம் தேவை. 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில், இந்திய அமைதிப்படையில் இருந்த அவருடைய அணி விடுதலைப் புலிகளால் பதுங்கித் தாக்கப்பட்டபோது, அவர் தாக்கியவர்களின் பின்புறமாகச் சுற்றிச் சென்று போரிட்டார். மார்பில் குண்டு பாய்ந்த பின்னும் உயிர் பிரியும்வரை தம் வீரர்களை வழிநடத்தினார். எதிரே நின்றவர்களும் தமிழ் பேசியவர்களே என்பதையும், அந்தப் போர் பல தமிழ் வீடுகளில் இன்னும் ஆறாத புண்ணாக இருக்கிறது என்பதையும் மறைத்து இதைச் சொல்வது நேர்மையாகாது. அதனால் இதைப் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு மட்டுமே நான் சொல்வேன்.

கோடையில் பகலில் போகாதீர்கள்; கல்தளம் கொதிக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில், பிற்பகலில் செல்வது நல்லது. நுழைவுக்குக் கட்டணம் இல்லை. நினைவகம் நான்கு வட்டங்களாக, சக்கர வியூகத்தைப் போல அமைக்கப்பட்டது. அபிமன்யு கதை தெரிந்த பிள்ளைக்கு இது உடனே புரியும். வடிவமைத்தவர் சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் என்பதையும் சொல்லுங்கள். அந்த வட்டங்களுள் ஒன்றான தியாகச் சக்கரத்தில் பெயரும் பதவியும் படைப்பிரிவும் கருங்கல்லில் இருக்கும். தேர்ந்தெடுத்த பெயரைப் பிள்ளையே தேடட்டும். நீங்கள் முந்திக்கொண்டு விரல் நீட்ட வேண்டாம். பெயரும் செயலும் பொறித்து நம் முன்னோர் நட்ட நடுகற்களைச் செங்கத்திலோ தருமபுரியிலோ பார்த்திருந்தால், இங்கே நினைவூட்டலாம். பின்னர் வீரதா சக்கரம் என்னும் மற்றொரு வட்டத்தில் கங்காசாகர் போரைக் காட்டும் வெண்கலச் சிற்பத்தின் முன் நின்று, வீட்டில் சொன்ன கதையைப் பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். எக்கா, பரமேஸ்வரன் இருவரின் மார்பளவுச் சிலைகளும், பரம்வீர் சக்கரம் பெற்றவர்களுக்கான பகுதியாகிய பரம யோத்தா ஸ்தலத்தில் உள்ளன.

மாலையில் உயிர்நீத்த வீரர் ஒருவரின் குடும்பத்தார் மலர்வளையம் வைப்பார்கள். அப்போது கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அமைதியாக நில்லுங்கள். அந்த வீரரின் பெயரைக் குறித்துக்கொண்டு வந்து வீட்டில் அவரைப் பற்றித் தேடிப் படியுங்கள். அடுத்த முறை போகும்போது கல்லில் தேட வேண்டிய பெயர் அதுதான்.