வலிப்பு உள்ள பிள்ளையும் வாசலில் கிடக்கும் நாயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டு நாய்க்குச் செவலை என்று பெயர். பாம்பன் கரையில் வலை உலர்த்தும் இடத்தில் கிடந்த நாட்டுக்குட்டி. யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை, பயிற்சியும் கொடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் சாயங்காலம், திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகளின் இடது கையை விடாமல் நக்க ஆரம்பித்தது. அவள் தள்ளிவிட்டாள். திரும்ப வந்து நக்கியது, முன்னங்காலைத் தூக்கி மடியில் வைத்தது, முகத்தையே பார்த்தது. "சீ, அங்கிட்டுப் போ" என்று நான் விரட்டிவிட்டேன். அடுப்பில் குழம்பைக் கிளறிவிட்டுத் திரும்புவதற்குள் பென்சில் உருண்டு விழும் சத்தம் கேட்டது. பிள்ளைக்கு வெட்டு, அதாவது வலிப்பு, வந்துவிட்டது.

அன்றைக்கு நாயை விரட்டியது ஒரு தவறு. அதற்குப் பிறகு மூன்று மாதம் நாயை மட்டுமே நம்பிக் கிடந்தது அதைவிடப் பெரிய தவறு. இப்போது யாராவது "உங்க வீட்டு நாய் மாதிரி எங்களுக்கும் ஒண்ணு வேணும்க்கா" என்று கேட்டால், முதலில் இந்த இரண்டாவதைத்தான் சொல்கிறேன்.

எந்த நாய், எந்த வேலை

வலிப்புக்கு உதவும் நாய்களில் இரண்டு வகை உண்டு. வலிப்பு வந்தபின் குரைத்து ஆளைக் கூப்பிடுவது, பக்கத்தில் ஒட்டிப் படுத்துக்கொள்வது, பொத்தானை அழுத்துவது ஒரு வகை. இதைப் பயிற்சியால் கொண்டுவரலாம். வருவதற்கு முன்பே உணர்த்துவது இன்னொரு வகை. அது சில நாய்களுக்குத் தானாக அமைகிறது, அதுவும் அந்தப் பிள்ளையோடு கூடவே கிடந்து பழகிய பிறகு. ஒரு நாய்க்கு அமையுமா அமையாதா என்று குட்டியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

2019-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் பிரான்சின் ரென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து நாய்களை வைத்துச் சோதித்தார்கள். வலிப்பு நேரத்தில் எடுத்த வியர்வை, மூச்சு மாதிரிகளை மற்ற நேரத்து மாதிரிகளிலிருந்து அவை மோப்பத்தாலேயே பிரித்துக் காட்டின. ஆக, வலிப்புக்கென்று ஒரு வாசனை இருக்கிறது என்பது சும்மா சொல்வதல்ல. ஆனால் அவை மோப்பத்துக்கென்றே பழக்கிய நாய்கள். முகர்ந்தது டப்பாவில் அடைத்த மாதிரிகளை. எங்கள் திண்ணையில் ஒரு பக்கம் கருவாடு காயும், இன்னொரு பக்கம் டீசல் வாடை அடிக்கும். ஆய்வுக்கூடத்தில் சரியாகச் சொன்ன மூக்கு இங்கேயும் அப்படியே சொல்லும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அதனால் "வலிப்பை முன்கூட்டியே சொல்லும் நாய், விலை இவ்வளவு" என்று யார் சொன்னாலும் பணத்தை எடுக்காதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல நரம்பியல் மருத்துவரிடம் நாலு தடவை போய் வரலாம். சாதி நாய்தான் வேண்டும் என்று ராஜபாளையம் வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. அழகான நாய்தான், ஆனால் காவலுக்கென்றே வளர்ந்த இனம், அந்நியரைச் சட்டென்று அண்டவிடாது. வெள்ளைக் குட்டிகளில் காது கேளாமையும் வரும். வலிப்பு வந்து கிடக்கும் பிள்ளைக்கு உதவ ஓடிவரும் பக்கத்து வீட்டாரை ஒரு நாய் பல்லைக் காட்டித் தடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கீழக்கரை, தொண்டி பக்கம் நாயை வீட்டுக்குள் சேர்க்காத குடும்பங்கள் நிறைய. சங்கடப்பட்டுக்கொண்டு வளர்க்க வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. ராத்திரி பக்கத்தில் படுக்க ஒரு ஆளும், கையெட்டும் தூரத்தில் ஒரு மணியும் இருந்தால் போதும்.

நோட்டு இல்லாமல் நாயை நம்புவது

செவலை நக்கியதும் வலிப்பு வந்தது ஒரு தடவை நடந்தது. இரண்டாம் தடவையும் நடந்தது. அதோடு தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. நக்காத நாளில் வலிப்பு வந்ததையும், நக்கிவிட்டு ஒன்றுமே வராமல் போனதையும் யாரும் நினைவில் வைக்கவில்லை, நான் உட்பட. மருத்துவர்தான், "எழுதிட்டு வாங்கம்மா, அப்புறம் பேசுவோம்" என்றார்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டேன். தேதி, மணி, நாய் என்ன செய்தது, வலிப்பு வந்ததா, எத்தனை நிமிடம், அதற்கு முந்தின இரவு எவ்வளவு தூங்கினாள், மாத்திரை எத்தனை மணிக்கு. மூன்று மாதம் கழித்து எண்ணினால், பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நாய் முன்கூட்டிச் சொல்லியிருந்தது. மீதி நேரம் அது வாசலில் தூங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் மீன் கூடை வரும் நேரத்தில் யார் கையாக இருந்தாலும் நக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நாயைப் பார்த்துக்கொண்டிருந்ததில் கவனிக்காமல் விட்ட இன்னொன்றும் நோட்டில் தெரிந்தது: வலிப்பு வந்த நாட்களில் பெரும்பாலானவை, அவள் அப்பா விடியற்காலை மூன்று மணிக்குக் கடலுக்குக் கிளம்பிய நாட்கள். விளக்கு, பாத்திரச் சத்தம், பேச்சு. பிள்ளை தூக்கம் கெட்டு எழுந்துவிடுகிறாள். தூக்கக் குறைவு வலிப்பைத் தூண்டும் முக்கியமான காரணங்களில் ஒன்று. அவள் படுக்கையை உள் அறைக்கு மாற்றினோம், சாப்பாட்டுத் தூக்கை ராத்திரியே கட்டி வைத்தோம். நாய் செய்யாததை அது செய்தது.

முடிந்தால் வலிப்பு வரும்போது போனில் வீடியோ எடுங்கள். கல் மனசா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். எந்தக் கை முதலில் இழுத்தது, கண் எந்தப் பக்கம் போனது என்பதை நாம் வாயால் சொல்வதைவிட அந்த ஒரு நிமிட வீடியோ மருத்துவருக்குத் தெளிவாகச் சொல்லும்.

இரும்புச் சாவி

நாய் முன்கூட்டிச் சொல்லிவிட்டது, சரி. அதற்குப் பிறகு நாம் செய்வது தப்பாக இருந்தால் என்ன பிரயோசனம்? எங்கள் அப்பத்தா சாவிக்கொத்தோடு ஓடிவருவார். கையில் இரும்பைத் திணித்தால் வலிப்பு நிற்கும் என்பது அவர் நம்பிக்கை. வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பெயர் சாவிக்குப் போகிறது. சாவி கையோடு இருந்தால்கூடப் பரவாயில்லை, பல்லிடுக்கில் கரண்டியைத் திணிக்கிறார்கள். பல் உடையும், மூச்சுக்குழலில் போய் அடைக்கும். நாக்கை யாரும் விழுங்கிவிட முடியாது. கை காலை அமுக்கிப் பிடிப்பதும் கூடாது, எலும்பு பிசகும். செருப்பை மோக்க வைப்பது, வெங்காயம் கசக்கி மூக்கில் வைப்பது, முழு நினைவு வரும் முன் தண்ணீர் புகட்டுவது, இதெல்லாம் வேண்டாம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மணி பார்க்க வேண்டும். இடிக்கிற சாமானை நகர்த்திவிட்டு, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயிலிருந்து எச்சில் வெளியே வழியட்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ 108.

கடலோரத்துக்காரர்கள் இங்கே ஒரு கணக்குப் போட வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து, பாலம் தாண்டி, பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர எவ்வளவு நேரம்? அதனால்தான் வலிப்பை நிறுத்த மூக்கில் அடிக்கும் மிடாசோலம் என்ற மருந்து ஸ்ப்ரே வீட்டில் இருக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கச் சொல்கிறேன். எத்தனை முறை அடிப்பது என்பது பிள்ளையின் எடையைப் பொறுத்தது. போன வருடம் எழுதிக் கொடுத்ததை இந்த வருடமும் அப்படியே அடிக்கக் கூடாது. எடை கூடியிருக்கும், கேட்டு மாற்றுங்கள். காலாவதி தேதியையும் பாருங்கள்.

நாயை அந்த நேரத்தில் என்ன செய்வது? முதல் தடவை பார்க்கும் நாய் மிரளும். சில நாய் முகத்தில் ஏறி நக்கும், சில கடிக்கவும் வரும். முதல் சில மாதங்கள் பிள்ளையையும் நாயையும் தனியாக விடாதீர்கள். செவலைக்கு "உக்காரு" என்ற ஒரு சொல்லைத்தான் பழக்கினோம். கருவாட்டுத் துண்டு கொடுத்துப் பழக்காமல் அவித்த முட்டை கொடுத்தோம், உப்பு ஆகாது என்பதால்.

மாத்திரையில் கை வைப்பது

நாய் நன்றாகச் சொல்கிறது என்று ஒரு குடும்பம் பிள்ளையின் மாத்திரையைத் தாங்களே குறைத்தார்கள். ஒரே வாரத்தில் அடுத்தடுத்து வலிப்பு வந்து பிள்ளை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனது. வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. வழக்கமாக இரண்டு வருடமாவது வலிப்பே இல்லாமல் இருந்தால்தான் குறைப்பதைப் பற்றி மருத்துவர் பேசவே ஆரம்பிப்பார். அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. சரியான மருந்தை ஒழுங்காக எடுத்தால் பத்தில் ஏழு பேருக்கு வலிப்பு கட்டுக்குள் வரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்த நாயும் அவ்வளவு செய்யாது.

சின்னத் தவறுகளும் உண்டு. சிரப்பைச் சமையல் கரண்டியில் அளப்பது, குலுக்காமல் ஊற்றுவது, மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையை இடித்துக் கொடுப்பது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். கையில் காசு இறுகும்போது முதலில் வெட்டு விழுவது மருந்துச் செலவில்தான். அரசு ஆஸ்பத்திரி சீட்டை ஏப்ரலுக்கு முன்பே புதுப்பித்து வையுங்கள்.

ஏர்வாடி தர்காவுக்குப் போய் வேண்டிக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை. நாங்களும் போயிருக்கிறோம். மாத்திரையையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள் என்பதுதான் பேச்சு. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதே ஊரில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியில்லாமல் இறந்தார்கள். மூளையில் வரும் நோயைப் பேய் பிசாசு என்று ஒதுக்கிக் கட்டிப்போட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தண்ணீர்

இதில் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன். நாய் கூட இருக்கிறது என்று பிள்ளையைக் கடலில் இறக்காதீர்கள். தண்ணீரில் வலிப்பு வந்தால் கத்தவும் முடியாது, கையை வீசவும் முடியாது. சத்தமில்லாமல் அமிழ்ந்துவிடும். நாய் கரையில் நின்று குரைக்கும், அவ்வளவுதான். இடுப்பளவு தண்ணீர் என்றாலும், கை நீட்டித் தொடும் தூரத்தில் நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர், அவளை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். படகில் ஏறினால் லைஃப் ஜாக்கெட். தண்ணீருக்குள் வலிப்பு வந்து தூக்கியிருந்தால், பிள்ளை பார்க்க நன்றாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். குளியலறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டாம். கிணற்றுக்கு மூடி, விறகடுப்புக்குத் தடுப்பு.

நாயும் ஒரு உயிர்தான்

பிள்ளையின் கையை நாள் முழுக்க நக்கும் நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடாமல் வைத்திருப்பதை என்னவென்று சொல்வது! குட்டிக்கு மூன்று மாதத்தில் போட்டு, கால்நடை மருத்துவர் சொல்லும் தேதிகளில் தொடர வேண்டும். பூச்சி மருந்தும் அப்படித்தான். கரையில் வலையிலிருந்து கழித்துப் போடும் பேத்தை மீனைத் தின்றால் நாய் செத்துப்போகும், அத்தனை விஷம். கெளுத்தி முள் தொண்டையில் குத்தும். மதிய மணலில் நடக்க வைத்தால் பாதம் வெந்துவிடும். நாயும் தூங்க வேண்டும், விளையாட வேண்டும். இருபத்திநாலு மணி நேரமும் பிள்ளையின் கட்டில் காலில் கட்டிப்போட்டால் அது எதையும் சொல்லாது.

ராத்திரி நாய் ஊளையிட்டால் எமன் வருகிறான் என்று கல் எறிகிறவர்கள் எங்கள் தெருவிலும் உண்டு. அவர்களிடம் சண்டை போடவில்லை. செவலையின் கழுத்தில் மஞ்சள் பட்டை கட்டி, "இது பிள்ளைக்காக வளர்க்கிறது" என்று வீடு வீடாகச் சொல்லிவைத்தோம்.

பள்ளியில் சொல்லாமல் மறைப்பதும் இதே மாதிரிதான். பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டுமே என்று பயம். வலிப்பைக் காரணம் காட்டித் திருமணத்தைத் தடுத்த பிரிவுகளை இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் 1999-லேயே நீக்கிவிட்டார்கள். சட்டம் விட்டுவிட்டதை நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்? நாய் பள்ளிக்கு வராது. அங்கே டீச்சர்தான் மணி பார்க்க வேண்டும். சீட்டில் நாலு வரி எழுதி, ஸ்ப்ரேயோடு கொடுத்துவிட்டேன்.

நேற்றைய வரி நோட்டில் இப்படி இருக்கிறது: இரவு 9.40, செவலை கையை நக்கியது, போகவில்லை. பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். 10.30 வரை பார்த்தோம். வலிப்பு இல்லை. மீன் கூடையும் வரவில்லை.