இரண்டாம் உலகப் போரில், இலங்கையிலிருந்து வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போருக்குப் போன தாத்தாவைத் தேடுவது எப்படி?

கம்ப்யூட்டரை அப்புறம் திறக்கலாம். முதலில் வீட்டுத் தகரப் பெட்டியைத் திறங்கள்.

ஆறு முனை நட்சத்திரப் பதக்கம் இருக்கிறதா? நாடாவைப் பாருங்கள். மணல் நிறம், நடுவில் அகலமான சிவப்பு, ஒரு பக்கம் கருநீலக் கோடு, மறுபக்கம் வெளிர்நீலக் கோடு என்றால் அது ஆப்பிரிக்கா ஸ்டார். 1940 ஜூன் 10 முதல் 1943 மே 12 வரையான சேவைக்குக் கொடுத்தது.

அடுத்து, பின்பக்கத்தைத் திருப்புங்கள். பெயரும் எண்ணும் பொறித்திருந்தால் இந்தியப் படையில் சேர்ந்தவராக இருக்கலாம். பிரித்தானியப் படையினருக்குக் கொடுத்த நட்சத்திரங்களில் பெயர் கிடையாது. எங்கள் அப்பாயி தீபாவளிக்குத் தீபாவளி குத்துவிளக்கோடு சேர்த்துப் பதக்கத்தையும் புளி போட்டுத் தேய்ப்பார். அதில்தான் பெயர் அழிந்தது என்று ரொம்ப நாள் அவரோடு சண்டை போட்டேன். பெயர் இருந்ததே இல்லை!

இனிப் பெரியவர்களிடம் கேளுங்கள். "யாரைச் சுட்டார்?" என்று கேட்டால் கதைதான் வரும். "என்ன வேலை பார்த்தார்?" என்று கேளுங்கள். மத்திய கிழக்குக்குப் போன இலங்கையர் பலர் துணைப் பிரிவுகளில் இருந்தவர்கள். சிலோன் பிளாண்டர்ஸ் ரைபிள் கோரில் தேட வேண்டாம், அது வெள்ளைக்காரத் தோட்டத் துரைமாரின் படை. சம்பளப் புத்தகமோ கடிதமோ கிடைத்து, அதில் சிப்பாய் எண் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சரி, இப்போது பெயர். செக்ரோலில், அதாவது தோட்டத் தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், ஒரு கிளாக்கர் எழுதியதும் படையில் இன்னொருவர் எழுதியதும் ஒன்றாக இருக்காது. சுப்பையாவை எஸ்-யூ-பி என்றும் தேடுங்கள், எஸ்-ஓ-ஓ-பி என்றும் தேடுங்கள். தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டும் பாருங்கள்.

இறந்துபோனவர் என்றால் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். சிலருக்குப் பெற்றோர் பெயரும் ஊரும்கூட இருக்கும். கல்லறை தெரியாதவர்களின் பெயர்கள் எகிப்தில் எல் அலமெய்ன் நினைவுச் சின்னத்தில் உள்ளன. உயிரோடு திரும்பியவர் இந்தப் பட்டியலில் வரமாட்டார். இது தெரியாமல் நானே இரண்டு வாரம் வீணாக்கினேன்.

திரும்பி வந்தவருக்கு லண்டன் போக வேண்டும், அதாவது இணையத்தில். பிரித்தானியப் படைச் சேவைப் பதிவுகள் 2022 முதல் அங்குள்ள தேசிய ஆவணக்காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருகின்றன. மத்திய கிழக்கில் ஒவ்வொரு படைப்பிரிவும் அன்றாடம் எழுதிவைத்த போர் நாட்குறிப்புகளும் அங்கேதான், டபிள்யூஓ 169 என்ற வரிசையில். அவற்றில் சாதாரணச் சிப்பாயின் பெயர் அரிதாகத்தான் வரும். ஆனால் படைப்பிரிவு எந்தத் தேதியில் எங்கே இருந்தது என்று தெரியும். பெட்டியில் கிடைத்த கடுதாசியின் தேதியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.